தொண்டையில் நிற்கும் சோறு: எல்லாம் மசக்கை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் இணைப்பில் மசக்கை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். இஞ்சி, எலுமிச்சை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுவது, ஓய்வு என்று சொன்ன யோசனைகளில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு வரியில் நின்றுவிட்டேன். கர்ப்ப காலத்தில் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் இருப்பது இயல்பு, நான்காம் மாதம் தாண்டினால் தானாகச் சரியாகிவிடும் என்று அதில் இருந்தது. இதே வரியை நானும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒரு பெண்ணிடம் அதைச் சொல்லித் தவறு செய்தும் இருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாட்களில் வீடு வீடாகப் போவது. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர், கால் வீக்கம், குழந்தையின் அசைவு எல்லாம் பார்த்து அட்டையில் எழுதுவோம். நன்றாகச் சாப்பிடுகிறாயா என்றும் கேட்போம். "சாப்பிடுறேன்க்கா" என்பார்கள். அத்தோடு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். சாப்பிட்டது உள்ளே இறங்குகிறதா என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை, 2017 வரை.

அந்த ஆண்டு ஒரு பெண் இரண்டாவது பிரசவத்துக்குப் பதிவு செய்தாள். 24 வயது. கணவன் பெங்களூரில் கட்டட வேலை. மூத்த பையன் 1 கிலோ 900 கிராமில் பிறந்தவன். அந்தக் கர்ப்பத்தையும் நான்தான் பார்த்தேன். அவளுடைய அப்போதைய அட்டையில், இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். என் கையெழுத்து இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த முறை நான்காம் மாதத்தில் ஹீமோகுளோபின் 7.8. மாத்திரை கொடுத்தேன், டீ, காபியோடு போடாதே, எலுமிச்சைச் சாறு குடி என்று வழக்கமானதைச் சொன்னேன். அடுத்த மாதம் 7.4. மாத்திரை போட்டியா என்றால் போட்டேன் என்கிறாள். சரி, வீட்டுக்கே போய்ப் பார்ப்போம் என்று போனேன். முந்தின நாள் மழை. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வாழைக்கன்று. அதன் அடியில் மண் சிவப்பாகக் கரைந்து ஓடியிருந்தது. குனிந்து பார்த்தால் பாதி கரைந்த மாத்திரைகள். நான் கொடுத்தவை.

கோபம் வந்துவிட்டது. மாமியார் முன்னால், பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் திட்டினேன். அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதை மண்ணில் கொட்டுகிறாயே, வயிற்றில் இருக்கும் பிள்ளை என்ன பாவம் செய்தது என்றெல்லாம் கேட்டேன். மாமியாருக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. "இவ சோறு துன்றதே ஒரு மணி நேரம் ஆவுது நர்சம்மா, வேலைக்குப் பயந்துகினு தட்டுலயே குந்திகினு இருப்பா" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் சொன்னதில் இருந்த நோயை நான் கேட்கவில்லை, குற்றத்தைத்தான் கேட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு மதியம் சாம்பார் சாதமும் முட்டையும் கொடுத்தோம். மற்ற பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவி, கதை பேசி, பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தாள். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள் நின்று பார்த்தேன். சின்ன உருண்டை, கோலிக்குண்டு அளவுதான். வெகுநேரம் மெல்கிறாள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து விழுங்குகிறாள். உடனே ஒரு மடக்குத் தண்ணீர். கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. முட்டையின் வெள்ளைக் கருவை மென்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, புடவைத் தலைப்பில் துப்பி முடிந்துகொண்டாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கே அடைக்கிறது என்று கேட்டேன். விரலைத் தொண்டைக்குழியில் வைத்து, "இங்க நிக்குதுக்கா" என்றாள். எத்தனை நாளாக? "கண்ணாலத்துக்கு முன்னாடியே." தண்ணீர்? அது போகிறது. கஞ்சி, கூழ் போகிறது. சோறு கஷ்டம், சப்பாத்தி, தோசை, கறி முடியாது. வாந்தி? "இல்லக்கா, வாந்தியே எடுக்கறதில்ல." மாத்திரை? ஒரு தடவை நடுவில் நின்று மூச்சு முட்டிப்போய், அன்றிலிருந்து பயம். எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்ததில்லை, இலையை வைத்துக்கொண்டு எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருக்க வெட்கம் என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். போன பிரசவத்திலேயே சொன்னாளாம். மசக்கை, நாலு மாதம் போனால் சரியாகிவிடும் என்றேனாம்.

எங்கள் மருத்துவ அலுவலர் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த இளம் பெண். அவர் தொண்டையைப் பார்ப்பதற்கு முன் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். நகம் மேடாக இருக்க வேண்டிய இடத்தில் கரண்டி போலக் குழிந்திருந்தது. வாயின் இரண்டு ஓரமும் வெடிப்பு. நாக்கு சொரசொரப்பே இல்லாமல் வழுவழு என்று சிவந்திருந்தது. மண், சாம்பல், பச்சரிசி ஏதாவது சாப்பிடுவாயா என்று கேட்டார். திருநீறு சாப்பிடுவேன் என்றாள். பிள்ளைத்தாய்ச்சி சாம்பல் தின்பதை நம் ஊரில் ஆசை என்று விட்டுவிடுகிறோம். இரும்புச்சத்துக் குறைந்தவர்கள் பல பேருக்கு அந்த ஆசை வரும்.

அன்றைக்குத்தான் பிளம்மர் வின்சன் என்ற நோயின் பெயரை முதன்முதலில் கேட்டேன். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த இரண்டு டாக்டர்களின் பெயர் அது. பிரிட்டனில் 1919இல் பேட்டர்சன், கெல்லி என்ற இரண்டு பேர் இதையே எழுதியதால் அங்கே அவர்கள் பெயரில் சொல்வார்களாம். உடம்பில் இரும்புச்சத்து பல காலமாகக் குறைந்து கிடந்தால் சிலருக்கு உணவுக்குழாயின் மேல் பகுதியில், தொண்டைக்குச் சற்றுக் கீழே, மெல்லிய ஜவ்வு குறுக்கே வளர்ந்துவிடுகிறது. வழி குறுகிவிடும். தண்ணீர் போகும், கெட்டியானது நிற்கும். வலி இருக்காது. மெதுவாக, ஆண்டுக்கணக்கில் கூடும். அதனால் அந்தப் பெண்ணே தன் தொண்டை இப்படித்தான் என்று பழகிக்கொள்கிறாள். நல்ல சாப்பாடு கிடைக்கிற நாடுகளில் இந்த நோய் இப்போது அரிது. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு ரத்தசோகை என்று வந்ததே, அந்த நாட்டில் இது இல்லாமல் எப்படி இருக்கும்? ரத்தசோகை உள்ள எல்லோருக்கும் ஜவ்வு வருவதில்லை, மிகச் சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலருக்கு நாம் என்ன மருந்து கொடுக்கிறோம் என்று பாருங்கள். இரும்புச்சத்து இல்லாததால் விழுங்க முடியாதவளுக்கு, விழுங்கச் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். முதல் தடவை அவள் தனியாகப் போனாள். கர்ப்பிணி, சாப்பிட முடியவில்லை என்றதுமே வாந்தி மாத்திரை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் டாக்டர் கொடுத்த சீட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை நான் லீவு போட்டுக் கூடப் போனேன். மகப்பேறு பிரிவு, காது மூக்கு தொண்டைப் பிரிவு, குடல் இரைப்பைப் பிரிவு என்று காலை 8 மணி முதல் மாலை வரை நடந்தோம். ஐந்து மாத வயிற்றோடு அவளும் படியேறினாள். கடைசியில் இருந்த டாக்டர் காது கொடுத்துக் கேட்டார். இந்த நோயைக் காட்ட பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பதுதான் வழக்கமாம். கர்ப்பப்பைக்குப் போகும் கதிர்வீச்சு மிகக் குறைவுதான், ஆனாலும் வேறு வழி இருக்கும்போது எக்ஸ்ரே எதற்கு என்று, வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்தார். அதற்கும் முதல் மூன்று மாதத்தைத் தவிர்த்து நடு மூன்று மாதத்தில் செய்வது நல்லது என்றார்.

கர்ப்பிணிக்குக் குழாய் விடுவதா என்று மாமியார் பயந்தார். நானும் உள்ளுக்குள் பயந்தேன். மயக்க ஊசி போடவில்லை. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, இடது பக்கமாகப் படுக்கவைத்தார்கள். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், அதற்காகத்தான் இடது பக்கம். முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாக விட்டார்கள், ஏனென்றால் ஜவ்வு தொண்டையைத் தாண்டியதுமே இருக்கும், அவசரப்பட்டால் கிழிந்து ஆபத்தாகிவிடும். குழாய் அந்த இடத்தைத் தாண்டியபோதே ஜவ்வு விட்டுக்கொடுத்துவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சிலருக்கு அப்படி விடாது, தனியாக விரிக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

அப்புறம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினோம். அயர்ன் சுக்ரோஸ் 200 மில்லிகிராம், 100 மில்லி சலைனில் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் மூன்று மாதத்தில் இதைப் போடக் கூடாது, அதற்குப் பிறகு டாக்டர் மேற்பார்வையில் போடலாம். ஐந்து முறை போட்டோம். ஒன்பதாம் மாதம் ஹீமோகுளோபின் 10.2. பெண் குழந்தை, 2 கிலோ 700. எனக்கு அந்த எடையைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேறு ஒன்று. மூன்றாவது ஊசிக்கு வந்தவள் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து, என் முன்னால் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டுக் காட்டினாள். தண்ணீர் குடிக்கவே இல்லை.

அத்தோடு முடிந்துவிடவில்லை. இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் அவ்வப்போது எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்ள வேண்டும், இரும்புச்சத்து மறுபடி குறையாமல் பார்க்க வேண்டும், மாதவிலக்கில் அதிகம் போகிறதா, குடலில் பூச்சி இருக்கிறதா என்றெல்லாம் மூல காரணத்தைத் தேட வேண்டும். பிரசவம் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று குடும்பம் நினைக்கிறது. அவளைப் பிடித்து இழுத்து அனுப்புவதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது.

இனி இன்னொருத்தி. என் அண்ணன் மகள், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இவளுக்குக் காசு இருந்தது, தனியார் ஆஸ்பத்திரி இருந்தது, படித்த கணவன் இருந்தான். ஆனாலும் இரண்டு மாதம் வீணாகப் போனது. எதைச் சாப்பிட்டாலும் வெளியே வருகிறது, கடும் மசக்கை என்று குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். 54 கிலோ இருந்தவள் ஐந்தாம் மாதத்தில் 45 கிலோ. நான் போய் நாலு நாள் தங்கினேன். இரவில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறாள். நடுராத்திரி இருமி எழுகிறாள், தலையணையில் முந்தின இரவு சாப்பிட்ட ரசம் சாதம் பருக்கை பருக்கையாக, செரிக்காமல் அப்படியே. புளிப்பு வாடையே இல்லை. வயிற்றுக்குப் போய்த் திரும்பிய சோறு அப்படி இருக்காதே என்று யோசித்தேன். முன்பு பட்ட அடி இருந்ததால் இந்த முறை கேட்டேன், தண்ணீர் இறங்குகிறதா? "தண்ணிகூட நெஞ்சுல நிக்குது அத்தை. எழுந்து நின்னு நெஞ்சை நிமிர்த்தினாத்தான் போகுது. ஒரு வருஷமாவே இப்படித்தான், கேஸ்னு நினைச்சேன்" என்றாள்.

இது வாந்தியே அல்ல. வாந்தி என்றால் குமட்டல் வரும், வயிறு புரட்டும், வயிற்றிலிருந்து வரும். இவளுக்கு வயிற்றுக்குப் போகாமலேயே உணவுக்குழாயில் தேங்கி வழிந்து வருகிறது. இந்த வித்தியாசத்தை யாரும் அவளிடம் கேட்கவில்லை. நோயின் பெயர் அகலேசியா. உணவுக்குழாயின் அடியில் ஒரு வால்வு உண்டு, விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட வேண்டும். அதைத் தளர்த்தும் நரம்பு அணுக்கள் அழிந்துபோவதால் வால்வு இறுகியே நிற்கும். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புதிதாக வரும். வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். பிறகு மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, விழுங்கும்போது உணவுக்குழாயின் அழுத்தத்தை அளந்தார்கள். மானோமெட்ரி என்று பெயர். இதில் எக்ஸ்ரே கிடையாது, கர்ப்பிணிக்கும் செய்யலாம்.

அங்கே ஒரு பயிற்சி டாக்டர் செய்த காரியத்தை என்றைக்கும் மறக்க மாட்டேன். அனுமதித்ததும் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப் போன நர்ஸைத் தடுத்து, முதலில் தயமின் ஊசி போடுங்கள் என்றார். தயமின் என்பது வைட்டமின் பி1. பல வாரம் சாப்பாடு தங்காதவர்களுக்கு அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். 31 ஆண்டுகளில் எத்தனை கர்ப்பிணிகளுக்கு நான் குளுக்கோஸ் மாட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். மசக்கையில் நீண்ட நாள் துவண்ட பெண்களுக்கும் இது பொருந்தும். என்னோடு வேலை செய்த, இன்னும் வேலையில் இருக்கும் செவிலியர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைக்க வேண்டும்.

கர்ப்பத்தின் நடுவில் அகலேசியாவுக்கு என்ன செய்வது என்று மகப்பேறு டாக்டர், குடல் இரைப்பை டாக்டர், மயக்க மருந்து டாக்டர், சத்துணவு நிபுணர் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். முதலில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு நீர் உணவு கொடுத்து எடையைப் பிடித்தார்கள். இறுகிய வால்வில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடலாம், ஆனால் சில மாதத்தில் வேகம் போய்விடும், கர்ப்பிணிகளில் அனுபவமும் குறைவு. பலூன் வைத்து விரிக்கலாம், ஆனால் உணவுக்குழாய் கிழியும் ஆபத்து உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் எங்களிடம் சொன்னார்கள். ஆறாம் மாதத்தில், அறுவை சிகிச்சை டாக்டரைத் தயாராக நிறுத்திவைத்துக்கொண்டு, பலூனால் விரித்தார்கள். பிரசவம் 37 வாரத்தில், குழந்தை 2 கிலோ 400. சிசேரியனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் தனியாக ஜாக்கிரதை எடுத்தார், ஏனென்றால் இவர்களுக்கு எட்டு மணி நேரம் பட்டினி இருந்தாலும் உணவுக்குழாயில் பழைய சாப்பாடு தேங்கியிருக்கும், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகு, வாய் வழியாகவே குழாய் விட்டு உள்ளே அந்தத் தசையை வெட்டிவிடும் சிகிச்சையைச் செய்துகொண்டாள். ஜப்பானில் 2008இல் முதலில் செய்யப்பட்ட முறை, இப்போது நம் நாட்டிலும் செய்கிறார்கள். இப்போது அவள் படுத்துத் தூங்குவது ஒரே தலையணையில்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நெஞ்சு கரிக்கிற ஒவ்வொரு கர்ப்பிணியும் பயப்பட வேண்டாம். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன் அந்த வால்வைத் தளர்த்திவிடும், வயிறும் மேலே தள்ளும், அதனால் நெஞ்செரிச்சலும் தொண்டையில் ஏதோ இருப்பது போன்ற உணர்வும் பல பேருக்கு வரும். மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரம் வாக்கில் தொடங்கி 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கும். எனக்குச் சந்தேகம் வருவது எப்போது என்றால், கர்ப்பத்துக்கு முன்பே தொண்டை அடைத்திருந்தால். நான்காம் மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினால். குமட்டல் இல்லாமல் சாப்பாடு மட்டும் திரும்பி வந்தால். எடை ஏற வேண்டிய நேரத்தில் இறங்கினால். குடித்ததும் இருமல் வந்தால், குரல் ஈரமாகக் கரகரத்தால், அதோடு காய்ச்சல் இருந்தால் நாள் கடத்தவே கூடாது. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி.

கெட்டியானது மட்டும் நிற்கிறதா, தண்ணீரும் நிற்கிறதா என்ற ஒரு கேள்வி பாதி நோயைக் காட்டிவிடும் என்று ஒரு டாக்டர் சொன்னார். கெட்டியானது மட்டும் என்றால் வழியில் ஏதோ குறுக்கே இருக்கிறது. இரண்டும் என்றால் தசை அல்லது நரம்பு. சாப்பிடத் தொடங்கும்போது சரியாக இருந்து, போகப்போகத் தாடை ஓய்ந்து, தண்ணீர் மூக்கு வழியாக வந்து, மாலையில் இமை தொங்கினால் அது மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோயாக இருக்கலாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையில் நாங்கள் முதலில் எடுப்பது மக்னீசியம் சல்பேட் ஊசிதான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்து. மயஸ்தீனியா உள்ளவருக்கு அதே ஊசி மூச்சை நிறுத்திவிடலாம். அந்த நோய் இருப்பது முன்கூட்டியே அட்டையில் எழுதியிருந்தால்தான் அவசரத்தில் டாக்டர் வேறு மருந்துக்குப் போக முடியும்.

சில பெண்களுக்குக் காரணம் பழைய காயம். சிறுவயதில் தெரியாமல் ஆசிட்டை வாயில் வைத்தவர்கள், வாழ்க்கையின் ஏதோ ஒரு கெட்ட நாளில் குடித்துப் பிழைத்தவர்கள். உணவுக்குழாய் வெந்து சுருங்கியிருக்கும். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியாரையும் கணவனையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியே கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள். கேட்பவர் முகத்தில் அதிர்ச்சி தெரியக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது, டாக்டர் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அவளைப் பட்டினி போடாமல் இருப்பதுதான். நிமிர்ந்து உட்காரவைத்து, கொஞ்சமாக, ஆறு ஏழு வேளையாகக் கொடுங்கள். நன்றாகக் குழைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், அங்கன்வாடிச் சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சியது, அடித்து வேகவைத்த முட்டை, முருங்கைக்கீரைச் சாறு. சாப்பிட்டதும் படுக்கவிடாதீர்கள். எந்த மாத்திரையானாலும் ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்து அல்லது நின்று போட வேண்டும். படுக்கப் போகும்போது அரை மடக்குத் தண்ணீரில் போட்டால் மாத்திரை வழியிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும், இரும்புச்சத்து மாத்திரையும் அப்படிச் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெதுவாகச் சாப்பிடுகிறாள் என்று ஏசாதீர்கள். ஏசினால் அவள் ஒளிந்து சாப்பிடுவாள், பிறகு உங்களுக்கு நோயே தெரியாது.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். தாய் சேய் நல அட்டையில் ஒரே ஒரு வரி சேருங்கள். விழுங்குவதில் சிரமம் உண்டா, கெட்டியா, நீரா, எவ்வளவு நாளாக என்று. கால் வீக்கம் பார்க்கும் நேரம்கூட ஆகாது. மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணிடம், ஏன் போடவில்லை என்று கேட்பதற்கு முன் போட முடிகிறதா என்று கேட்கச் சொல்லிப் பயிற்சியில் சேருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இப்போது இரும்புச்சத்து டானிக் வருகிறது, விழுங்க முடியாதவர்களுக்கு அது ஒரு வழி. அதுவும் போதாவிட்டால் ஊசி இருக்கிறது. வழிகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் முதல் பிரசவத்தின்போதும் வழி இருந்தது. நான்தான் கேட்கவில்லை, அவள் பையன் 1 கிலோ 900 கிராமில் பிறந்தான்.

ஆசிரியர் அவர்களே, என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் அந்தப் பெண் யார் என்று தெரிந்துவிடும். கட்டுரையில் இருந்த அந்த ஒரு வரியைத் திருத்தி, தொண்டையில் சாப்பாடு நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று சின்னதாக ஒரு குறிப்புப் போடுங்கள். முடிந்தால் திங்கட்கிழமை இதழில் போடுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில்தான் பெண்கள் அட்டையைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.